திங்கட்கிழமை முத்திரை

அத்தியாயம் 5

பாலம் விழுந்தது ஆகஸ்டில். அதற்கான பழி விழ அக்டோபர் ஆயிற்று. அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருந்த அந்த மாவட்டத்தில், மாவட்டக் கவுன்சில் வேலை எதுவும் இத்தனை சுருக்காக நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

பழி விழுந்தது ஓர்லா கில்மார்ட்டின் தலையில். கவுன்சிலின் சாலைப் பொறியாளர், வயது முப்பத்தாறு. அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவள் தன் சொந்த அறையிலேயே, மனு கொடுக்க வருகிறவர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கவுன்சில் கூட்டம். அவளை வேலையிலிருந்து நீக்கிப் போலீஸ் விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏழாவது தீர்மானம். கொண்டுவருகிறவர் கவுன்சிலர் பாட்சி லைடன்.

“இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு,” என்றான் மலாக்கி ஃபீனி. “எங்க சார்ஜென்ட்டுக்கு அது தாராளம். போன கேஸ்ல தொலைஞ்சு போன காளையை மூணு மணி நேரத்துல கண்டுபிடிச்சாங்க. அது எங்க கார் மேல சாஞ்சுக்கிட்டுதான் நின்னுச்சுங்கறது வேற விஷயம்.”

ஓர்லா சிரிக்கவில்லை. சார்ஜென்ட்டும் சிரிக்கவில்லை. அட்ராக்டா டோலன் முப்பது வருஷம் போலீசில் இருந்து ஓய்வு பெற்றுத் துப்பறிய வந்த அம்மாள். உதவியாளன் மலாக்கியின் நகைச்சுவையை அவர் மழையைப் போல எடுத்துக்கொள்வார். அது பாட்டுக்குப் பெய்யும், நாம் பாட்டுக்கு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அவர் கண் மேசைமேல் இருந்த ஒற்றைத் தாளில் இருந்தது.

அது ஒரு கடிதத்தின் நகல். அர்டூன் பாலத்தின் வடக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் பெரிய விரிசல், உள்ளே பெரணிச் செடி முளைத்திருக்கிறது, என் கணவர் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தார், யாராவது சாவதற்கு முன் வந்து பாருங்கள் என்று எழுதி, பெர்னி ரஃப்ட்டரி என்று கையெழுத்து. கீழே நீல மையில் வட்ட முத்திரை. கவுன்சில் அலுவலகம், பெறப்பட்டது, இந்த வருஷம் பிப்ரவரி ஐந்து.

அந்தக் கணவர் மாட்டி ரஃப்ட்டரி. ரொட்டி வேன் ஓட்டியவர். ஆகஸ்டு மாதம் ஒரு விடிகாலையில் சுவரும் சாலையின் ஓரமும் சேர்ந்து சரிந்து, வேனோடு ஆற்றில் போனார். தண்ணீரில் ரொட்டிகள் மிதந்ததைப் பார்த்துத்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

“எனக்கு ஒரு கடிதமும் வரல,” என்றாள் ஓர்லா. அந்த அரை மணி நேரத்தில் அதை அவள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். “தபால் பதிவேட்டுல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்ல, என் ஃபைல்ல இல்ல. என் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், டிரம்லீல. நான் தினமும் வேலைக்கு வந்து போனதே அந்தப் பாலத்து மேலதான். விரிசல் தெரிஞ்சிருந்தா நானே அது மேல வண்டி ஓட்டுவேனா, சொல்லுங்க?”

மலாக்கிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை. இவள் அந்த வழியிலேயே வந்திருக்கிறாளே என்று அவன் அந்தக் கணமே அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். அவள் அழகாக இருந்ததும் ஒரு காரணம் என்பதை அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

அட்ராக்டா எழுந்து சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனார். உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது, மாதத்துக்கு ஒரு செம்மறி ஆடு. ஆடுகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பிப்ரவரிக்கு வந்தார்.

“ஐந்தாம் தேதி திங்கட்கிழமை. சிவப்புல போட்டிருக்கு.”

ஓர்லா நிமிர்ந்தாள். “பிரிஜித் திருநாள் லீவு. போன வருஷம்தான் அரசாங்கம் புதுசா விட ஆரம்பிச்சது. அன்னைக்கு ஆபீசே கிடையாது.”

“திறந்திருக்கிற நாள்லயே இங்க கடிதத்தை வாங்க ஆள் கிடைக்காது,” என்றான் மலாக்கி. “பூட்டியிருந்த நாள்ல ஒருத்தர் வந்து வாங்கி முத்திரையும் போட்டிருக்காருன்னா, அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கணும்.”

ஓர்லாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. முத்திரை பொய், ஆகவே கடிதமும் பொய், கூட்டத்தில் காலண்டரைக் காட்டினால் கதை முடிந்தது என்று மளமளவென்று பேசினாள். மலாக்கியும் அதையேதான் நினைத்தான். அட்ராக்டா மட்டும் காலண்டரை அக்டோபருக்குத் திருப்பிவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

“முத்திரை பொய்யின்னா கடிதமும் பொய்யாயிடுமா? அந்தம்மாவோட புருஷன் செத்தது பொய்யில்லயே. இதை யார் குத்தினதுன்னு பார்த்துட்டு வர்றேன்.”

கீழே வரவேற்பில் இருந்த பையனிடம் கேட்டதற்கு, கை முத்திரையெல்லாம் மலையேறி இரண்டு வருஷமாகிறது, இப்போது இயந்திரம்தான் தேதியும் மணியும் சேர்த்து அச்சடிக்கிறது என்றான். பழைய முத்திரைகள் எங்கே என்றதற்கு உதட்டைப் பிதுக்கினான். அட்ராக்டா அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தபோது, மலாக்கி நடைவழியில் வரிசையாக மாட்டியிருந்த பிரிவுபசாரப் புகைப்படங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனான். ஒருவருக்குக் கடிகாரம் கொடுத்திருந்தார்கள். இன்னொருவருக்குக் கண்ணாடி ஜாடி. மூன்றாவது படத்தில் வெள்ளை முடி அம்மாள் ஒருத்தி, தேக்குக் கட்டையில் பொருத்திய ஏதோ ஒன்றைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றாள்.

“சார்ஜென்ட், கொலைகாரன் கத்தியோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டதைப் பார்த்திருக்கீங்களா?”

கட்டையில் பொருத்தியிருந்தது மரப்பிடி போட்ட தேதி முத்திரை. கீழே எழுதியிருந்தது: இமெல்டா கோகன், தபால் பிரிவு, முப்பத்தேழு ஆண்டுகள். படத்தின் தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ்.

அட்ராக்டா விரல் விட்டு எண்ணினார். புது விடுமுறை வந்தது அதற்கு அடுத்த பிப்ரவரியில். அந்த விடுமுறையை இமெல்டா கோகன் ஒரு தடவைகூட அனுபவித்ததில்லை. வேலை பார்க்கிறவனுக்குத்தான் லீவு நாள் நினைவிருக்கும். ஓய்வு பெற்றவருக்கு எல்லா நாளும் ஞாயிறு.

இமெல்டாவின் வீடு சதுப்புச் சாலையில். பாலம் இருந்தவரை டிரம்லீக்காரர்கள் ஐந்து நிமிஷத்தில் நகரத்துக்கு வந்துவிடுவார்கள். இப்போது சதுப்பைச் சுற்றிப் பதினோரு மைல். அந்தச் சாலையில் பள்ளங்களுக்கு இடையே கொஞ்சம் தாரும் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மலாக்கி ஒரு கவுன்சிலரின் பெயரைச் சூட்டிக்கொண்டே ஓட்டினான். பாட்சி லைடனுக்கு என்று அவன் ஒதுக்கிய பள்ளத்தில் சைலன்சர் இடித்தது.

கதவைத் திறந்த இமெல்டா சார்ஜென்ட்டைப் பார்த்ததுமே எதற்கென்று புரிந்துகொண்டாள். “உள்ள வாங்க. நீயும் வா ராசா, காலைத் துடைச்சுட்டு வா,” என்றாள். சமையலறையில் இன்னொருத்தியும் இருந்தாள். கறுப்பு உடை, மடியில் கைப்பை, கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல. பெர்னி ரஃப்ட்டரி. தேநீரும் பழுப்பு ரொட்டியும் மேசைக்கு வந்தன. துக்க வீடானாலும் துப்பறியும் வீடானாலும் அந்த ஊரில் தேநீர் வராமல் பேச்சு தொடங்காது.

கணப்பு அடுப்புக்கு மேல் அந்தத் தேக்குக் கட்டை இருந்தது. அட்ராக்டா எழுந்து போய், முத்திரையைப் பிடியோடு கழற்றி, தன் புறங்கையில் ஒரு அழுத்து அழுத்தினார். நீல வட்டம் பளிச்சென்று பதிந்தது.

“ரெண்டு வருஷமா அலமாரியில சும்மா இருக்கிற முத்திரை. மை இன்னும் ஈரமா இருக்கே, இமெல்டா.”

இமெல்டா மறுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யாக எதையும் புதிதாகச் செய்யவில்லை, காணாமல் போனதைத் திரும்ப வைத்தேன், அவ்வளவுதான் என்றாள். பெர்னி கடிதம் எழுதியது உண்மை. அது அலுவலகத்துக்குப் போனதும் உண்மை. மாட்டி செத்த பிறகு, அப்படி ஒரு கடிதமே இல்லை என்று கவுன்சில் கையை விரித்தது. முப்பத்தேழு வருஷம் தபால் பிரிவில் இருந்தவளுக்கு, வேண்டாத கடிதம் எப்படிக் காணாமல் போகும் என்று தெரியாதா? பெர்னியிடம் வீட்டு நகல் ஒன்று இருந்தது. அதில் இருந்திருக்க வேண்டிய முத்திரையை, இருந்திருக்க வேண்டிய தேதியில் குத்தினாள்.

“இருந்திருக்க வேண்டிய தேதின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அட்ராக்டா.

பதில் சொன்னது பெர்னி. அந்த ஊரில் யாரும் கவுன்சிலுக்கு நேராகக் கடிதம் போடுவதில்லை. போட்டால் அது கிணற்றில் போட்ட கல். கவுன்சிலர் கையில் கொடுத்தால்தான் நகரும். அதனால் பிப்ரவரி நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதாகோயில் வாசலில் கை குலுக்கிக்கொண்டிருந்த பாட்சி லைடனிடம் கொடுத்தாள். அவர் கோட்டின் உள்பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். அந்த வாரமே அவரிடமிருந்து அட்டையும் வந்தது. பெர்னி கைப்பையைத் திறந்து அதை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கம் பாட்சி லைடனின் சிரித்த முகம். மறுபக்கம் அவர் கைப்பட எழுதியது: உங்கள் கோரிக்கையைத் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நேரிலேயே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

மலாக்கி ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். அட்ராக்டா அட்டையை இரண்டு தடவை படித்தார். பிறகு பெர்னியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் போலீஸ்காரர்கள் உட்காருவார்கள். பெர்னிக்கு அது ஆகஸ்டு மாதத்திலேயே பழக்கமாகியிருந்தது.

“பெர்னி, அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் லீவு. பிரிஜித் திருநாள். கதவு பூட்டியிருந்தது. அவர் யார்கிட்டயும் கொடுத்திருக்க முடியாது.”

பெர்னி கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மாட்டி ஒவ்வொரு வாரமும் கேட்பான் என்றாள். கடிதம் என்ன ஆச்சு, கடிதம் என்ன ஆச்சு என்று. பாட்சி நேரில் கொடுத்துவிட்டார், கவுன்சில் வேலை மெதுவாகத்தான் நடக்கும், பொறுத்துக்கொள் என்று இவள்தான் சமாதானம் சொன்னாளாம். அந்த அட்டையைத்தான் எடுத்து எடுத்துக் காட்டினாளாம். அவனும் நம்பிக்கொண்டு அதே வழியில் ரொட்டி கொண்டுபோனான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வழிவிட வேண்டுமே என்று மலாக்கிக்கு நாக்கு நுனி வரை வந்தது. பெர்னியைப் பார்த்ததும் அதைத் தேநீரோடு விழுங்கினான்.

“என்னைய உள்ள போடுவாங்களா?” என்று கேட்டாள் இமெல்டா. முத்திரை விஷயத்தை மறைக்க முடியாது, ஆனால் எதற்காகக் குத்தினீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன் என்றார் அட்ராக்டா. இமெல்டா தலையாட்டினாள்.

“போட்டாப் போடட்டும். அந்த இன்ஜினீயர் பொண்ணை நினைச்சாத்தான் மனசு உறுத்துது. நல்ல பொண்ணு. மார்ச்சுல பேட்ரிக் திருநாள் லீவு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து தினம் காலையில எட்டே காலுக்கு இந்த வாசல் வழியாத்தான் போவா. கோடை முழுக்க ஒரு நாள் தப்பாம எனக்குக் கை காட்டுவா. அவ தலையில கொண்டுபோய் வச்சிட்டனே.”

அட்ராக்டாவின் கோப்பை உதட்டுக்குப் போகிற வழியில் நின்றது. பிறகு மெல்லத் தட்டுக்கே திரும்பியது. ஏன் என்று மலாக்கிக்குப் புரியவில்லை. சார்ஜென்ட் ரொட்டியை மிச்சம் வைத்து அவன் பார்த்ததில்லை.

புறப்படும்போது பெர்னி வாசல் வரை வந்தாள். “யாருக்கு என்ன தண்டனைன்னு எனக்கு அக்கறையில்ல, சார்ஜென்ட். எனக்கு வரல, எனக்குத் தெரியாது, என்கிட்ட இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒருத்தராவது எனக்குத் தெரியும்னு சொல்லணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

கூட்டம் தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. கவுன்சில் மண்டபத்துக்கு வெளியே பாட்சி லைடன் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் அந்த நீல முத்திரை நகலுமாக, பத்திரிகைக்காரரிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். அந்த முத்திரை பொய் என்பது இமெல்டாவைப் போலவே அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். கொடுக்காத கடிதத்துக்கு ரசீது வந்திருக்கிறதே என்று அவர் கொஞ்சமும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். அரசியலில் அதிர்ஷ்டத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அட்ராக்டா அவரைத் தனியாக அழைத்து, பெர்னியின் கடிதத்தை நேரில் கொண்டுவந்து கொடுத்தவர் நீங்கள்தானாமே என்று மரியாதையாகக் கேட்டார். பாட்சியின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

“என் கையாலயே கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில, முதல் ஆளா.”

“யார்கிட்ட?”

“கவுண்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. நல்ல மழை. ஏகப்பட்ட கூட்டம் வேற.”

“கூட்டம் இருந்திருக்கும்,” என்றான் மலாக்கி. “எல்லாரும் கதவு ஏன் பூட்டியிருக்குன்னு பார்க்க வந்திருப்பாங்க.”

அட்ராக்டா ஓர்லாவின் அறையிலிருந்து கிழித்து வந்த பிப்ரவரி ஆட்டை அவர் முன்னால் பிடித்தார். சிவப்புத் தேதிமேல் விரலை வைத்தார். மற்றொரு கையில் பாட்சியின் சிரித்த முகம் போட்ட அட்டை. இரண்டையும் பத்திரிகைக்காரருக்குக் காட்டுவதா, அல்லது உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று நாம் மூவரும் போய்ப் பார்ப்பதா என்று கேட்டார். பாட்சி காரைத் தேர்ந்தெடுத்தார்.

டிக்கியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் நாற்பது கடிதங்களாவது இருக்கும். தெருவிளக்கு, சாக்கடை, வேகத்தடை, ஊரின் கவலையெல்லாம் தகரத்துக்குள் பத்திரமாக இருந்தது. பெர்னியின் கடிதம் நடுவில் இருந்தது. முத்திரை இல்லாமல், மடிப்புக் கலையாமல். ஜூனில் தேர்தல் வந்தது என்று பாட்சி முணுமுணுத்தார். ஏப்ரல் கூட்டத்தில், பத்திரிகைக்காரர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து, பாலத்தைப் பற்றி முழங்கலாம் என்று வைத்திருந்தாராம். ஏப்ரலில் கால்பந்து மைதான விளக்கு விவகாரம் குறுக்கே வந்தது. பிறகு ஜெயித்தும் விட்டார். ஜெயித்தவருக்குக் கடிதம் எதற்கு? அவர் மோசமான மனிதராகக்கூட மலாக்கிக்குத் தெரியவில்லை. மழைக்கோட்டை மறந்துவிட்டு வந்த ஆளைப் போல நின்றார். அது அவனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஏழாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகப் பாட்சி எழுதிக் கொடுத்தார். மணி ஒன்று ஐம்பது. மலாக்கி இரண்டிரண்டு படியாகத் தாவி ஓர்லாவின் அறைக்கு ஓடி, நீ பிழைத்தாய் என்று சொன்னான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நான்தான் சொன்னேனே, எனக்கு ஒரு கடிதமும் வரலன்னு,” என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

“வரல,” என்றார் பின்னாலேயே வந்த அட்ராக்டா. மாடிப்படி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. மலாக்கியிடம் கதவைச் சாத்தச் சொன்னார். பெர்னியின் கடிதத்தை மேசைமேல் பிரித்து வைத்தார்.

“நீங்க கூப்பிட்டது இதை நிரூபிக்கத்தான். நிரூபிச்சாச்சு. ஒரு சந்தேகம் மட்டும். பாலம் விழுந்தது ஆகஸ்டுல. நீங்க மார்ச் மாசத்துலேர்ந்தே ஏன் பதினோரு மைல் சுத்தி வேலைக்கு வந்தீங்க?”

ஓர்லாவின் அழுகை, குழாயைத் திருகியதுபோல நின்றது.

மலாக்கிக்கு இப்போதுதான் உறைத்தது. சதுப்புச் சாலை, எட்டே கால் மணி, இமெல்டாவுக்குக் கை காட்டிவிட்டுப் போன கார். ஐந்து நிமிஷத்துப் பாலம் முழுசாக நின்றுகொண்டிருந்த மாதங்கள் அவை. வழியில் பயமில்லை என்று அவன் யாரை நம்பினானோ, அவள் அந்த வழியையே விட்டு விலகியிருக்கிறாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஓர்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். குரலில் உயிரில்லை.

“நடக்கப் போனப்ப பார்த்தேன். பெரணி முளைச்சிருந்துச்சு. கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் போச்சு.”

“அப்புறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை என்றாள். அவள் பொறுப்பில் நாற்பத்து மூன்று பாலங்கள், பார்க்க மூன்று பேர். எழுதி வைத்தால் அன்றைக்கே பாலத்தை மூட வேண்டும். மூடினால் டிரம்லீ முழுவதும் அவள் வாசலில் வந்து நிற்கும். பள்ளிக்கூட பஸ், பால் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் பதினோரு மைல் சுற்ற வேண்டும். யார் கேட்டு மூடினாய் என்று மேலதிகாரி கேட்பார். காட்டுவதற்குக் கையில் ஒரு புகார் வேண்டும். ஒரே ஒரு கடிதம் வரட்டும், உடனே மூடிவிடலாம் என்று காத்திருந்தாளாம். தினமும் காலையில் தபாலை முதலில் அவள்தான் பார்த்தாளாம். வரவே இல்லை.

அந்தக் கடிதம் அப்போது பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. அங்கே பெர்னி கவுன்சிலரை நம்பிக் காத்திருந்தாள், கவுன்சிலர் தேர்தலுக்காகக் காத்திருந்தார், இங்கே இவள் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். காத்திருக்க நேரமில்லாதவன் மாட்டி ஒருவன்தான். ரொட்டி ஆறிவிடும்.

“இதை வெளிய சொல்வீங்களா?” என்று ஓர்லா கேட்டாள்.

“என் வேலை முடிஞ்சுது,” என்றார் அட்ராக்டா. “இனிமே பேசறது நீங்கதான். பெர்னி கேலரியில உக்காந்திருக்கா. ஒருத்தராவது எனக்குத் தெரியும்னு சொல்லணுமாம். அவ கேட்டது அவ்வளவுதான்.”

பார்வையாளர் கேலரியின் கடைசி வரிசையில் மலாக்கி சார்ஜென்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு வரிசை முன்னால் பெர்னியும் இமெல்டாவும். ஏழாவது தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது என்று தலைவர் படித்தபோது மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பெர்னியின் தலை குனிந்தது. எட்டாவது தீர்மானம், கல்லறைத் தோட்டத்துக்குக் குடிநீர்க் குழாய். ஓர்லா அதிகாரிகள் வரிசையில், கைகளை மேசைமேல் வைத்தபடி அசையாமல் இருந்தாள். மலாக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிண்டலும் அவனுக்கு வாயில் வரவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். எழுந்திருக்கவே வேண்டாம் என்றும் ஒரு குரல் சொன்னது.

தலைவர் ஒன்பதாவதைத் திருப்பியபோது அவள் எழுந்தாள்.

“அர்டூன் பாலத்துல விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். மூடியிருக்கணும். நான் மூடல. ரஃப்ட்டரி அம்மா, எனக்குத் தெரியும்.”

பெர்னி எழுந்து நின்றாள். கைப்பை மடியிலிருந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, குறிப்பெழுதும் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து தெரியும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

“மார்ச் பதினெட்டு. திங்கட்கிழமை.”

குமாஸ்தா எழுதத் தொடங்கி நிறுத்தினார். அவர் இருபது வருஷமாகக் குறிப்பெழுதுகிறவர், தேதியில் தவறமாட்டார். அவளைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது என்றுகூட அவர் நினைத்திருக்கலாம்.

“அன்னைக்கு பேட்ரிக் திருநாள் விடுமுறைம்மா,” என்றார். “ஆபீஸ் கிடையாது. நீங்க வேலையில இல்லன்னு போட்டுக்கலாமா?”

ஓர்லா கேலரியை நிமிர்ந்து பார்த்தாள். பெர்னி நின்றுகொண்டேதான் இருந்தாள்.

“வேண்டாம்,” என்றாள் ஓர்லா. “தேதியை மட்டும் எழுதுங்க.”